கல்லு றோட்டுக்கு அந்தப் பக்கம்

வாங்கோ தம்பி, உள்ளுக்கு வாங்கோ. சப்பாத்தை அதிலை கழட்டி விடுங்கோ. பஸ் சுத்தித்தான் வந்திருக்கும். இண்டைக்கு அப்பிடித்தான், சைக்கிள் பந்தயம் எண்டு பாதி றோட்டை மறிச்சுப் போட்டாங்கள். அறையைப் பேந்து காட்டுறன். அறை எங்கையும் ஓடாது. முதல் உந்தக் கதிரையிலை இருங்கோ, தேத்தண்ணி ஊத்திறன். சீனி வேண்டாமோ? சீனி இல்லாமல் என்ன தேத்தண்ணி. நான் அளவாப் போடுறன், குடிச்சுப் பாருங்கோ.

அறை ஏன் சும்மா கிடக்குது எண்டு போனிலை கேட்டியள். சொல்லத்தான் வேணும். இஞ்சை எங்கடை ஆக்கள் ஒவ்வொரு மாதிரிக் கதைப்பினம். அவையளிட்டைக் கேக்கிறதிலும் பாக்க என்னட்டைக் கேக்கிறது நல்லம். அது என்ரை மனிசி தவமலரின்ரை அறை. அவ இப்ப மகள் இருக்கிற ஊரிலை நிக்கிறா. வந்திடுவா. அவ வருமட்டும்தான் அறை உங்களுக்கு. அதை இப்பவே சொல்லிப்போடுறன், பேந்து பிரச்சினைப்படக் கூடாது.

எல்லாத்துக்கும் காரணம் இந்தப் பந்தயம்தான்.

நீங்கள் இந்த நாட்டுக்குப் புதுசு, உங்களுக்குத் தெரியாது. பந்தயம் ஒரே ஒரு நாள்தான். ஆனா அதுக்கு முன்னம் கிழமைக் கணக்கா இந்தச் சனத்துக்குச் சாப்பாடு இறங்காது. நல்ல தார் றோட்டிலை ஓடுறது எண்டு நினையாதேங்கோ. குதிரை வண்டில் போன காலத்திலை பதிச்ச கருங்கல்லு றோட்டு. ஒரு கல்லு ஏறி நிக்கும், பக்கத்துக் கல்லு புதைஞ்சு கிடக்கும், நடுவிலை பாசி. அதுவும் சுவர் மாதிரி எழும்பிற மலை. நடந்து போனாலே கால் பிரளும். அதிலை மெல்லிய சில்லுச் சைக்கிளிலை மிதிச்சு ஏறுறாங்கள். தார் போடக் காசில்லாத நாடே இது எண்டு மருமோனிட்டைக் கேட்டன். அந்தக் கல்லை ஆரும் கிளப்பக் கூடாதாம், சட்டம் இருக்காம்.

மருமோன் எண்டால் ப்ராம். வெள்ளைக்காரன், இந்த நாட்டவன்தான். என்ரை ஒரே பிள்ளை நிரோஜினி அவனைத்தான் கட்டினவள். எனக்கு முதல் விருப்பமில்லை. ஆனா நல்ல பெடியன், என்னைக் கண்டால் எழும்பி நிப்பான். அவன்ரை தேப்பன் மார்செல். பள்ளிக்கூட பஸ் ஓடிப் பென்சன் எடுத்த மனிசன், பெரிய வயிறு, பெரிய குரல். தாய் லியா. அந்தக் குடும்பம் முழுக்கப் பந்தய விசர். அவையளிட்டை ஒரு வான் இருக்கு. படுக்கை, குசினி, கக்கூஸ் எல்லாம் வானுக்குள்ளையே. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு வியாழக்கிழமையே அந்த மலை றோட்டோரம் கொண்டுபோய் விட்டிடுவினம். பிந்திப் போனால் இடம் கிடையாதாம்.

ப்ராம் இஞ்சை வந்தால் ரீவியிலை பந்தயம் போடுவான். தவம் குசினிக் கதவடியிலை நிண்டு பாப்பா. பேந்து இருந்து பாக்கத் தொடங்கினா. பேந்து அவன் வராத நாளிலையும் போடத் தொடங்கியிருக்கிறா. எனக்கு உது தெரியாது. நான் றெஸ்ரோறண்டுக் குசினியிலை வேலை, காலமை போனால் இருட்டினாப் பிறகுதான் வருவன். பென்சன் எடுத்து வீட்டிலை இருக்கத் தொடங்கின பிறகுதான் கண்டன். மழைக்குள்ளை முகமெல்லாம் சேறோடை ஆரோ ஓடுறாங்கள், இவ கையிலை வெட்டின மரக்கறியை வைச்சுக்கொண்டு அப்பிடியே பாத்துக்கொண்டு இருக்கிறா. நான் ரீவியை நிப்பாட்டுவன். அவ எழும்பிப் போவா. ஒரு சத்தமில்லை. அப்பிடி ஒரு பொறுமையான மனிசி தம்பி.

அதிலை ஒரு பகிடி கேளுங்கோ. அவவை இந்த நாட்டுப் பாசை வகுப்புக்கு நான் விடேல்லை. தேவையில்லைத்தானே. டொக்டரிட்டை நான் கூட்டிக்கொண்டு போவன், கடைக்கு நான் போவன். சீலை கூட நானே பாத்து எடுத்துக் குடுப்பன். வெளியிலை அலையிற கரைச்சல் ஒண்டையும் அவவுக்கு நான் குடுக்கேல்லை. ஆனா மார்செல் வீட்டுக் கிறிஸ்மஸ் விருந்திலை அவ மார்செலோடை இருந்து கதைக்கிறா. மார்செல் விழுந்து விழுந்து சிரிக்கிறார். உங்கடை மனிசி ரீவியிலை பந்தயம் சொல்லுறவன் மாதிரிக் கதைக்கிறா எண்டார். பாத்துப் பாத்தே பாசையைப் பிடிச்சிருக்கிறா. இறைச்சி அவிய இன்னும் நேரம் எடுக்கும் எண்டு சொல்ல வேண்டிய இடத்திலை, இடைவெளி குறையேல்லை எண்டு சொன்னவவாம். எல்லாரும் சிரிச்சம். நானும் சிரிச்சன். வீட்டை வந்து, கண்ட ஆம்பிளையளோடை அவ்வளவு நேரம் கதைக்க என்ன கிடக்கு எண்டு மட்டும் கேட்டன்.

யோரிஸ் எண்டு ஒருத்தன். மார்செலின்ரை ஊர்ப் பெடியன். பெடியன் எண்டு சொல்லுறன், தலை நரைக்கத் தொடங்கீட்டுது. எத்தினையோ வருசமா இந்தப் பந்தயத்திலை கிட்டக் கிட்ட வந்து கடைசியிலை விட்டவன். விழுந்திருக்கிறான், சில்லுக் காத்துப் போயிருக்கு, ஒருக்கால் முடிவுக் கோட்டுக்கு முன்னாலை மற்றவன் முந்தீட்டான். போன வருசம் அவனுக்குக் கடைசி ஓட்டம். அதுக்குப் பிறகு விடப்போறன் எண்டு அறிவிச்சிட்டான். மார்செல் வீட்டிலை சாவீடு நடக்கப் போற மாதிரியும் இருந்தது, கலியாணம் நடக்கப் போற மாதிரியும் இருந்தது. தவத்துக்கும் யோரிஸ் எண்டால் உயிர். அது எனக்குப் பேந்துதான் தெரியும்.

நிரோ போன் எடுத்தாள். அம்மாவை வானிலை கூட்டிக்கொண்டு போகப் போறம், லியாவும் வாறா, ஞாயிறு பின்னேரம் கொண்டுவந்து விடுறம் எண்டாள். என்ன கதை இது? றோட்டோரத்திலை, வெறிகாரருக்கு நடுவிலை, வானுக்குள்ளை படுத்தெழும்பிறதோ? நான் ஏலாது எண்டன். ஆனா சம்பந்தி வீட்டுக்காரர் மதிச்சுக் கேக்கினம், ஒருத்தரும் போகாட்டி மரியாதையில்லை. அதாலை அம்மா வரமாட்டா, நான் வாறன் எண்டன். சரி அப்பா, நீங்களே வாங்கோ எண்டாள். என்னோடை எதுக்கும் வாதாடுற பிள்ளை. அண்டைக்கு ஒரு சொல்லு எதிர்த்துக் கதைக்கேல்லை. வயது வர வரத்தான் பிள்ளையளுக்குத் தேப்பன்ரை அருமை விளங்கும் எண்டு நினைச்சன்.

தவம்தான் எனக்குப் பை அடுக்கினவ. ஸ்வெற்றர், தடிச்ச காலுறை, போர்வை. என்ரை மருந்துக் குளிசையளை ஒவ்வொண்டா உறையிலை போட்டு, காலமை, இரவு எண்டு எழுதி வைச்சிருந்தா. பாத்தால் ஒரு மாசத்துக்குக் காணும். நாலு நாளைக்கு ஏனப்பா இவ்வளவு எண்டு கேட்டன். கிடக்கட்டும் எண்டா. கணக்குப் பிழைச்சுப் போட்டுது அவவுக்கு, பாவம். நிரோ வானிலை வரேல்லை, ஞாயிறு நேரை அங்கை வாறாளாம். ப்ராம் வந்து வான் கோனை அடிக்க, தவம் வாசலிலை நிண்டு, கவனமா இருங்கோ எண்டா. நான் அவவை விட்டிட்டு ஒரு இரவும் வெளியிலை தங்கினதில்லை. அதாலை அப்பிடிச் சொல்ல வேண்டிய தேவையும் முந்தி வரேல்லை.

அங்கை போய்ப் பாத்தால் தம்பி, மலையடியிலை இருந்து உச்சி மட்டும் வான். மூக்கோடை மூக்கு முட்டி நிக்குது. எங்களுக்குப் பின்னாலை ஒரு வான், முன்னாலை ஒரு வான், ஒரு பக்கம் கல்லு றோட்டு, மற்றப் பக்கம் வாய்க்கால். வாய்க்காலுக்கு அங்காலை உழுத வயல், சேறு. ஒருக்கால் விட்டால் பந்தயம் முடியுமட்டும் எடுக்கேலாது. நான் ப்ராமிட்டைக் கேட்டன், ஒரு அவசரம் எண்டால் எப்பிடி வெளியிலை போறது? அவன் சிரிச்சான். போகேலாது எண்டான்.

முதல் நாள் பரவாயில்லை. மார்செல் என்னைக் கையிலை பிடிச்சுக்கொண்டு மலை முழுக்கக் காட்டினார். இந்த வளைவிலைதான் யோரிஸ் விழுந்தவன், இந்த மரத்தடியிலைதான் மற்றவனை விட்டிட்டுப் பாய்ஞ்சவன். கோயில் வீதியிலை சாமி வந்த இடத்தைக் காட்டுற மாதிரிக் காட்டுறார். குனிஞ்சு கல்லைத் தடவிப் பாக்கிறார். மழை வருமோ வராதோ எண்டுதான் எல்லாற்றை கதையும். மழை வந்தால் யோரிசுக்கு நல்லம், அவன் சேத்திலை பழகினவன். பக்கத்து வான்காரன் வேறை ஒருத்தன்ரை ஆள், அவன் வெயில் வேணும் எண்டான். ரெண்டு பேரும் வானத்தைப் பாத்துக்கொண்டு பியர் குடிக்கினம். மஞ்சள் கொடியிலை கறுப்புச் சிங்கம் போட்டு எல்லா வானிலையும் கட்டியிருக்கு. சிங்கக் கொடியைக் கண்டால் எங்கடை ஆக்களுக்கு எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. இது வேறை சிங்கம் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன்.

ரெண்டாம் நாள் மூச்சு முட்டத் தொடங்கீட்டுது. படுக்கை எண்டு சொல்லுறது ஒரு தட்டு. நிமிர்ந்து இருந்தால் தலை கூரையிலை இடிக்கும். லியா என்ன சமைக்கிறாவோ அதைத்தான் தின்ன வேணும். எப்ப லைட் போடுறது, எப்ப நூக்கிறது, எப்ப யன்னல் திறக்கிறது, எல்லாம் அவை சொன்னபடி. வெளியிலை இறங்கினால் ஆரும் ஒருத்தர் எங்கை போறியள் எண்டு கேப்பினம். பாசையும் எனக்குக் காணாது. முழு நாளும் வாயை மூடிக்கொண்டு யன்னலாலை பாத்துக்கொண்டு இருந்தன். ஒரு மனிசன் எவ்வளவு நேரம் அப்பிடி இருக்கிறது, சொல்லுங்கோ? ரெண்டு நாளிலை எனக்கு விசர் பிடிக்கப் பாத்தது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போன் எடுத்தன். அடிச்சுக்கொண்டே கிடக்குது, எடுக்கேல்லை. குளிக்கிறாவாக்கும் எண்டு நினைச்சன். திரும்ப எடுத்தன். நித்திரையாக்கும். பின்னேரம் எடுத்தன். ப்ராமிட்டைச் சொன்னன், என்னைப் பஸ் எடுக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் விடு, மனிசி தனிய. அவன் தேப்பனைப் பாத்தான். தேப்பன் லியாவைப் பாத்தார். லியா எனக்கு ஒரு கோப்பை சூப் கொண்டுவந்து கையிலை தந்து, என்ரை தோளைத் தடவிவிட்டா. அவ்வளவு மரியாதை. பிறகு ப்ராம் சொன்னான், அம்மா நிரோவோடை நிக்கிறா, பாதுகாப்பா நிக்கிறா, நீங்கள் யோசியாதேங்கோ எண்டு. என்னட்டைக் கேக்காமல் எப்பிடிப் போனவ எண்டு கேட்டன். அவனுக்கு என்ரை பாசை விளங்கேல்லைப் போலை. வானாலை இறங்கிப் போட்டான்.

நடந்து போவம் எண்டு சனிக்கிழமை வெளிக்கிட்டன். சறுக்கிற சப்பாத்து, மழை தூறி கல்லெல்லாம் வழுவழுவெண்டு. கொஞ்சத் தூரத்திலை குந்தீட்டன். ஆரோ ரெண்டு பெடியள், முகத்திலை கறுப்பும் மஞ்சளும் பூசினவங்கள், தூக்கிக்கொண்டு வந்து வானிலை விட்டாங்கள். எல்லாரும் கை தட்டினாங்கள்.

ஞாயிற்றுக்கிழமை. தம்பி, அந்தச் சனத்தை நான் என்னெண்டு சொல்ல. காலமையிலை இருந்து நிக்கினம். குழந்தையளைத் தோளிலை வைச்சுக்கொண்டு, கிழவன் கிழவி கதிரை போட்டு, ரேடியோவைக் காதோடை வைச்சுக்கொண்டு. றோட்டுக்கு ரெண்டு பக்கமும் இரும்பு வேலி. ரேடியோவிலை ஒண்டு சொன்னால் மலை முழுக்க அந்தச் செய்தி கையாலை கை மாறிப் போற மாதிரிப் போகும். யோரிஸ் முன்னுக்கு நிக்கிறான் எண்டு ஒரு செய்தி வந்தது. மார்செல் தொப்பியைக் கழட்டிப் பிழிஞ்சுகொண்டு நிண்டார். கதைக்கேல்லை. அவ்வளவு பெரிய குரல்காரன்.

அப்பதான் கண்டன். எனக்கு நேரை, றோட்டுக்கு அந்தப் பக்கம், வேலியிலை சாஞ்சு கொண்டு தவம்.

நீலக் கோட்டு. நான் வாங்கிக் குடுத்ததில்லை. காலிலை ஓடுற சப்பாத்து, அதுவும் நான் வாங்கினதில்லை. பக்கத்திலை நிரோ. தவம் என்னைக் காணேல்லை, மலையடியைப் பாத்துக்கொண்டு நிண்டவ. எனக்கும் அவவுக்கும் நடுவிலை ஒரு வண்டில் போற அகலம், அவ்வளவுதான். நான் வேலியைத் தள்ளினன். மஞ்சள் உடுப்புப் போட்ட ஒருத்தன் கையை விரிச்சு மறிச்சான். மனிசி எண்டு சொல்லிக் காட்டினன். அவன் தலையாட்டினான், விடேல்லை. நான் தவம் எண்டு கூப்பிட்டன். அந்தச் சத்தத்துக்குள்ளை ஆருக்குக் கேக்கும்? போனை எடுத்து அடிச்சன். அவ பொக்கற்றுக்குள்ளை கையை விட்டு எடுத்துப் பாத்தா. பிறகு நிமிர்ந்து நேரை என்னைப் பாத்தா. பாத்துக்கொண்டே காதிலை வைச்சா.

"இஞ்சாலை வா" எண்டன்.

"றோட்டு பூட்டியிருக்கு."

"முடிஞ்சாப் பிறகு வா."

"நான் வரேல்லை. வீட்டுக்கும் வரேல்லை. என்ரை உடுப்பெல்லாம் வெள்ளிக்கிழமையே எடுத்திட்டன்."

"ஆர் உனக்கு உதைச் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் தரேல்லை."

சொல்லிப்போட்டு மலையடியை எட்டிப் பாத்தா. "குளிசையை நேரத்துக்குப் போடுங்கோ. இப்ப போனை வையுங்கோ, அவங்கள் வாறாங்கள்."

சத்தத்திலை எனக்குச் சரியாக் கேக்கேல்லை எண்டுதான் நினைக்கிறன். அவ வேறை ஏதோ சொல்லியிருப்பா.

முதல் வந்தது ஹெலி, ரீவிக்குப் படம் எடுக்கிறது. மலைக்கு மேலாலை தாழ வந்து நிண்டு சுத்துது. ஊரிலை ஹெலிச் சத்தம் கேட்டால் என்ன செய்வம்? எத்தினை வருசம் போனாலும் உடம்பு மறக்காது. நான் கீழை குந்தி வேலியோடை ஒட்டிக்கொண்டன். மார்செல் கண்டிட்டார். சிரிக்கேல்லை தம்பி. என்ரை முதுகிலை கையை வைச்சுக்கொண்டு பக்கத்திலையே நிண்டார். நான் வேலிக் கம்பிக்குள்ளாலை அங்காலை பாத்தன். ஊரிலை சண்டை நேரம் தவமும் நானும் ஒரே பங்கருக்குள்ளை, பதுங்கு குழிக்குள்ளை கிடந்தனாங்கள், என்ரை கையைப் பிடிச்சு நகம் பதிய அழுதவ. இப்ப தலையை அண்ணாந்து ஹெலியைப் பாத்துக் கையாட்டிக்கொண்டு நிக்கிறா.

பிறகு வந்தாங்கள். முன்னுக்கு ரெண்டு பேர், முகம் தெரியேல்லை, சேறு. கல்லிலை சில்லு அடிக்கிற சத்தம், சங்கிலிச் சத்தம், மூச்சுச் சத்தம், அவ்வளவு கிட்ட. அவங்களுக்குப் பின்னாலை தனிய ஒருத்தன். அவன்தான் யோரிஸ். சைக்கிள் அங்காலை இஞ்சாலை எறியுது, கடைவாயிலை எச்சில் வழியுது, பிடிக்கேலாது எண்டு அவனுக்கே தெரியும், ஆனா மிதிக்கிறான். தவம் கத்தினா. யோரிஸ், யோரிஸ் எண்டு. வேலியோடை மலை ஏறி அவனோடை ஓடுறா, ஆக்களை விலத்திக்கொண்டு ஓடுறா. அவவின்ரை சத்தத்தை அண்டைக்குத்தான் நான் முதல் முதல் கேட்டன். அவ்வளவு காலமும் ஒரே வீட்டிலை இருந்தனாங்கள், அப்பிடி ஒரு சத்தம் அவவுக்கு இருக்கு எண்டு தெரியாது.

கடைசி வாகனமும் போன பிறகுதான் வேலியைத் திறந்தாங்கள். சனம் எல்லாம் றோட்டுக்குள்ளை இறங்கீட்டுது. நான் அங்காலை போய்ச் சேர, தவமும் நிரோவும் கீழை இறங்கிப் போய்க்கொண்டிருந்தினம். அந்தக் கல்லிலை அவ என்னமா நடக்கிறா. நான் ரெண்டு எட்டு வைக்கக் கால் வழுக்கீட்டுது, மார்செல் பிடிச்சார். நீலக் கோட்டு சனத்துக்குள்ளை கொஞ்ச நேரம் தெரிஞ்சுது. திரும்பிப் பாக்கேல்லை.

யோரிஸ் வெல்லேல்லை. மூண்டாமாள். வானுக்குள்ளை மார்செல் மேசையிலை தலையை வைச்சு அழுதார். ப்ராமும் அழுதான், பக்கத்து வான்காரன், வெயில் கேட்டவன், அவனும் வந்து இருந்து அழுதான். நானும் அழுதன். யோரிசுக்காக அழுறன் எண்டு நினைச்சு எல்லாரும் என்னைக் கட்டிப் பிடிச்சாங்கள். நானும் அப்பிடியே விட்டிட்டன். வான் வெளிக்கிட வழி கிடைக்க அடுத்த நாள் காலமையாப் போச்சு.

இப்ப அவ நிரோ வீட்டுக்குக் கிட்ட ஒரு சின்ன இடத்திலை தனிய இருக்கிறா. பள்ளிக்கூடத்திலை பிள்ளையளுக்குச் சாப்பாடு குடுக்கிற வேலையாம். சைக்கிளிலை போய் வாறவவாம். ஊரிலையும் ஓடினவதான், கலியாணத்துக்குப் பிறகு நான்தான் விடச் சொன்னனான். நான் ஏத்திக்கொண்டு போவன்தானே, பிறகு அவ ஏன் மிதிக்க வேணும்? கோயில் ஆக்களைக் கதைக்க அனுப்பினன். நல்லாத் தேத்தண்ணி குடுத்து, எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, ஓம் எண்டும் சொல்லாமல் இல்லை எண்டும் சொல்லாமல் வாசல் மட்டும் வந்து அனுப்பி வைச்சவவாம். கோவம் இல்லை எண்டுதானே அதுக்கு அர்த்தம்? நான் அடிச்சனோ, குடிச்சனோ, பட்டினி போட்டனோ? ஒண்டுமில்லை. அப்ப வராமல் எங்கை போறது. ஆரோ மனசைக் கெடுத்துப் போட்டினம். அது ஆறவிட்டால் ஆறும்.

நேரம் என்ன? பொறுங்கோ, ரீவியைப் போடுறன். இண்டைக்கும் அந்தப் பந்தயம்தான். அந்த மலை ஏறேக்கை ரெண்டு பக்கத்துச் சனத்தையும் வடிவாக் காட்டுவாங்கள். அவ வராமல் விடமாட்டா. போன மாசம் வேறை ஒரு பந்தயம் நடந்தது, அதிலை ஒரு நீலக் கோட்டுக் கண்ட மாதிரி இருந்தது, அதுக்குள்ளை படத்தை மாத்திப்போட்டாங்கள். எனக்குக் கண்ணும் முந்தி மாதிரி இல்லை. உங்களுக்கு இளங்கண்.

ஏன் எழும்பிறியள்? அறையைத்தானே பாக்க வந்தனியள், பாக்காமல் போறதே? அந்த வாசல் கதவு அப்பிடி இழுத்தால் வராது தம்பி. உள்ளுக்காலை பூட்டி வைக்கிறனான், பழக்கம். திறப்பு என்ரை பொக்கற்றுக்குள்ளைதான் கிடக்கு, திறந்துவிடுறன், ஏன் அந்தரப்படுறியள். இந்தா, ஹெலியைக் காட்டுறான், கிட்ட வந்திட்டாங்கள். வந்து இப்பிடிப் பக்கத்திலை இருங்கோ. நீங்கள் இடப்பக்கத்தைப் பாருங்கோ. நான் வலப்பக்கத்தைப் பாக்கிறன்.